பேர் உங்கட எண்டா பொறுப்பும் உங்கடதான்

போன எபிசோட்டில் சைட் பிசினஸ் பற்றிக் கதைத்தபோது, சீனாவில் இருந்து சின்ன எலெக்ட்ரொனிக்ஸ் சாமான் எடுத்து, சொந்தப் பேரைப் போட்டு ஒன்லைனில் விற்பது பற்றி ஒரு இரண்டு நிமிடம் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போனோம். "சேர்டிஃபிகேட் எல்லாம் சப்ளையரே தருவான்" என்று நான் சொன்னதும் அதில் இருக்கு. அந்த வசனத்தைத் திருப்பி எடுக்கத்தான் இந்த மடல். சப்ளையர் ஒரு பி.டி.எஃப். தருவான், அது உண்மை. ஆனால் அது உங்களைக் காப்பாற்றாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கட வீட்டுக்குள்ளேயே ஒரு கேஸ் இன்னும் முடியாமல் கிடக்கு.

என் மச்சான் ஒருத்தன், மாமியின் மகன், பேபி மொனிட்டர் கமரா விற்கலாம் என்று வெளிக்கிட்டான். வைஃபையில் வேலை செய்கிற சின்ன வெள்ளைக் கமரா. ஃபோனில் அப் போட்டால், பிள்ளை தொட்டிலில் நித்திரையா இல்லையா என்று வேலைத்தளத்தில் இருந்தே பார்க்கலாம். 400 பீஸ், ஒன்று 12 பவுண், மொத்தம் 4,800. சீட்டு எடுத்த காசு. பெட்டியில் தன் மகளின் பேரையே பிராண்டாகப் போட்டான், லோகோவும் நல்ல வடிவு. அச்சடிக்க முதல் சப்ளையரிடம் இருந்து ஒரு மெசேஜ்: பின்பக்கத்தில் எந்தெந்தக் குறி வேணும்? சீ.ஈ. இருக்கு, எஃப்.சி.சி. இருக்கு, யூ.கே.சி.ஏ. இருக்கு, எதைப் போட்டாலும் மேலதிகக் காசு இல்லை. மச்சான் எல்லாத்தையும் போடச் சொன்னான். "சும்மா வருகுது, ஏன் விடுவான்?"

மூன்று கிழமையில் 60 பீஸ் விற்றது. பிறகு மார்க்கெட்பிளேஸ் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, இணக்கப் பிரகடனமும் சோதனை அறிக்கைகளும் கேட்டது. அப்பதான் எனக்குக் கோல் வந்தது. "நீ கொம்பியூட்டர் சயன்ஸ்தானே படிச்சனி, உந்தப் பேப்பரை ஒருக்காப் பாரன்."

நான் படித்தது சொஃப்ட்வெயர். ஆனால் கொன்ட்ராக்ட் வேலையில் இரண்டு முறை ரேடியோ உள்ள சாமான்களின் ஃபேர்ம்வெயர் எழுதி, சோதனைக்கூடம் வரை போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எங்கட ஆட்கள் பெரும்பாலானோர் சீ.ஈ. குறியைத் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறோம். யாரோ பிரசல்ஸில் இருக்கிற ஒரு அதிகாரி சாமானைச் சோதித்துக் குத்துகிற முத்திரை என்று நினைக்கிறோம். அப்படி ஒரு அதிகாரியே இல்லை. வைஃபை, புளூடூத் மாதிரிச் சாதாரண ரேடியோ உள்ள சாமானுக்கு, ஏற்றுக்கொள்ளப்பட்ட தரங்களை முழுதாகப் பின்பற்றினால், தயாரிப்பாளர் தானே சோதித்து, தானே பிரகடனம் எழுதி, தானே குறியைப் போடலாம். அது ஒரு சத்தியக் கடதாசி மாதிரி. "இது சட்டத்துக்குள் இருக்கு, பொய் எண்டால் என்னைப் பிடி" என்று தயாரிப்பாளர் சொல்வது. குறி குறைந்தது 5 மில்லிமீற்றர் உயரமாக இருக்க வேணும் என்றுகூட விதி இருக்கு. அதைப் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

(வட்ஸ்அப்பில் மாமாமார் அனுப்புகிற அந்தப் படம், எழுத்துக்கு நடுவில் இடைவெளி குறைந்தால் அது "சைனா எக்ஸ்போர்ட்" என்று சொல்வது, அதை நம்பாதேங்கோ. அப்படி ஒரு அதிகாரபூர்வக் குறி கிடையாது. இடைவெளி பிழை என்றால் அது பிழையாகப் போட்ட சீ.ஈ., அவ்வளவுதான். இடைவெளி சரியாக இருந்தாலும் சாமான் சரி என்று ஆகாது.)

அப்ப அந்த "என்னைப் பிடி" சொல்கிற ஆள் யார்? சைட் பிசினஸ் வீடியோ போடுகிற யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஐரோப்பாவின் ரேடியோ உபகரண நெறிமுறை 2014/53 ஆகட்டும், அதை ஒட்டிப் பிரித்தானியாவில் வந்த 2017 ரேடியோ உபகரண ஒழுங்குவிதிகள் ஆகட்டும், இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. வேறொருவர் செய்த சாமானை உங்கள் பேரில், உங்கள் வர்த்தகக் குறியில் சந்தைக்கு விட்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் தயாரிப்பாளர். ஷென்ஜெனில் சோல்டரிங் செய்தவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை. தொழில்நுட்பக் கோப்பு உங்களிடம் இருக்க வேணும்: சர்க்கிட் வரைபடம், ஆபத்து மதிப்பீடு, சோதனை அறிக்கைகள், உங்கள் கையெழுத்துள்ள பிரகடனம். அதைப் 10 வருடம் வைத்திருக்க வேணும். சாமானில் உங்கள் பேரும் தபால் முகவரியும் இருக்க வேணும். மச்சான் வேறொரு பிராண்டை அப்படியே இறக்கி விற்றிருந்தால் இறக்குமதியாளர் என்ற கொஞ்சம் சின்னப் பொறுப்போடு தப்பியிருப்பான். மகளின் பேரைப் போட்ட அந்த நிமிடத்தில் அவன் ஒரு கமராத் தயாரிப்பாளர். ஹரோவில் மூன்று அறை வீடு, கராஜ் ஒன்று, தொழிற்சாலை இல்லை, ஆனாலும் தயாரிப்பாளர்.

பேப்பரைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பெரிய தங்க நிற ஓரம், நடுவில் "சேர்டிஃபிகேட்", கீழே ஒரு முத்திரை. தங்க ஓரம் கண்டாலே எனக்கு இப்போ சந்தேகம்தான் வரும். உண்மையான சோதனை அறிக்கை பார்க்க அலுப்பாக இருக்கும். அறுபது எழுபது பக்கம், கிராஃப்கள், எந்தக் கருவியால் அளந்தார்கள், அது கடைசியாக எப்போ சரிபார்க்கப்பட்டது என்ற அட்டவணைகள். மச்சானுக்கு வந்ததில் அறிக்கையும் பின்னால் இருந்தது. ஆனால் அது 1999/5 என்ற பழைய நெறிமுறையின் கீழ் எழுதப்பட்டது. அந்த நெறிமுறை 2016 யூனில் செத்துப்போச்சு. மொடல் இலக்கத்தில் கடைசி எழுத்து வேறு. அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் உள்ளே திறந்து எடுத்த படங்கள் இருக்கும். அதில் அன்டெனா போர்டிலேயே பதித்தது. நான் மச்சானின் கமரா ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே வயரில் தொங்குகிற அன்டெனா. கூட வந்த பவர் அடப்டர் அறிக்கையில் எங்கேயும் இல்லை. சுருக்கமாக, அது ஏதோ ஒரு கமராவின் அறிக்கை. அவன்ர கமராவின் அறிக்கை இல்லை.

"சிப் சேர்டிஃபைட் தானே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, இஞ்சினியர்மாரே கேட்பது. முன்கூட்டியே சோதித்த வைஃபை மொடியூல் வாங்கிப் போட்டால் வேலை குறையும், உண்மைதான். அமெரிக்காவில் மொடியூலுக்கே தனி அங்கீகாரம் உண்டு, அதே அன்டெனா வகையோடு, சொன்ன நிபந்தனைக்குள் பாவித்தால், வெளியே "இதற்குள் இன்ன எஃப்.சி.சி. இலக்கம் இருக்கு" என்று ஒட்டிவிட்டு ரேடியோப் பகுதிச் சோதனைகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஐரோப்பாவில் அப்படி இல்லை. மொடியூலின் அறிக்கையை ஆதாரமாகப் பாவிக்கலாம், ஆனால் பதில் சொல்ல வேண்டியது முழுச் சாமான்தான். பெட்டி, அடப்டர், கேபிள், அன்டெனா எல்லாம் சேர்ந்து எப்படி நடக்குது என்பதுதான் கேள்வி.

அது ஏன் என்று விளங்க ஒருமுறை சோதனைக்கூடம் போக வேணும். ஒரு பெரிய அறை, சுவர் முழுக்கக் கூம்பு கூம்பாக நுரை, கதவைச் சாத்தினால் ஃபோனுக்குச் சிக்னல் செத்துவிடும். நடுவில் ஒரு சுழலும் மேசை, அதில் உங்கள் சாமான் பாவமாக இருக்கும். மேசை 360 பாகையும் சுற்றும். எதிரே ஒரு கம்பத்தில் அன்டெனா ஒரு மீற்றரில் இருந்து நாலு மீற்றர் வரை ஏறி இறங்கும். உங்கள் சாமான் எந்தப் பக்கத்தால், எந்த உயரத்தில், எந்த அலைவரிசையில் கத்துது என்று தேடிப் பிடிக்கிறார்கள். நான் போன முறை எங்கட ரேடியோ ஒழுங்காகப் பாஸ். விழுந்தது எதிலே தெரியுமா? பெட்டிக்குள் சும்மா சேர்த்துக் கொடுத்த மலிவு யூ.எஸ்.பி. கேபிளில். கவசம் இல்லாத கேபிள், அதுவே ஒரு அன்டெனாவாக மாறி உள்ளிருக்கும் இரைச்சலை வெளியே பரப்பியது. இரண்டு மாதம் மண்டையை உடைத்து எழுதிய கோட் எல்லாம் சரி, ஒரு பவுண் கேபிள் கவிழ்த்துவிட்டது. அண்டைக்குப் பின்னேரம் கூடத்தின் கார் பார்க்கில் நான் சாப்பிட்ட சான்ட்விச் மாதிரிக் கசப்பான ஒன்றை நான் பிறகு சாப்பிடவில்லை.

சரி, மச்சானின் கமராவுக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான அதிர்ச்சி ரேடியோவில் இல்லை. கமராவை என் வீட்டு நெட்வேர்க்கில் தனியாக ஒரு மூலையில் இணைத்துப் பார்த்தேன். யூசர் பேர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். அப்பில் போய் மாற்றலாம், ஆனால் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. அதைவிட மோசம், டெல்நெட் திறந்து கிடந்தது, அதற்கு ஃபேர்ம்வெயரிலேயே எழுதிவைத்த ஒரு பாஸ்வேர்ட். பாவனையாளர் எதைச் செய்தாலும் அது மாறாது. 400 கமராவுக்கும் ஒரே பாஸ்வேர்ட். நாட்டுக் குறியீடு "யூ.எஸ்." என்று வைத்திருந்தது.

நாட்டுக் குறியீடு சின்ன விஷயம் மாதிரி இருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஐரோப்பா அனுமதிப்பது 100 மில்லிவாட், அன்டெனாவையும் சேர்த்து. அமெரிக்காவில் அதைவிடப் பல மடங்கு போகலாம். எந்த எல்லைக்குள் நிற்க வேணும் என்று சிப்புக்குச் சொல்வது ஃபேர்ம்வெயரில் இருக்கும் அந்த இரண்டு எழுத்துத்தான். ஆகவே சொஃப்ட்வெயர் எழுதுகிற எங்களுக்கும் அனுமதிக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவ முடியாது. 2016இல் அமெரிக்க எஃப்.சி.சி. டி.பி.-லிங்க் நிறுவனத்தோடு 200,000 டொலரில் ஒரு தீர்வுக்கு வந்தது இதே விஷயத்தில்தான்: ரூட்டரின் செட்டிங்கில் நாட்டை மாற்றினால் அனுமதித்த வலுவை மீறி ஓட முடிந்தது. 5 கிகாஹேர்ட்ஸில் இன்னும் சீரியஸ், அங்கே வானிலை ரேடார்களும் இருக்கின்றன. ஐரோப்பாவில் 5600 முதல் 5650 மெகாஹேர்ட்ஸ் வரை பாவிக்க விரும்பும் ரூட்டர், ரேடார் இருக்குதா என்று 10 நிமிடம் வாயை மூடிக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்க வேணும். சில நேரம் ரூட்டரை றீஸ்டார்ட் செய்தால் 5 கிகாஹேர்ட்ஸ் வரத் தாமதிப்பது இதனாலும்தான். நானும் அதைத் திட்டியிருக்கிறேன்.

அட்மின்-அட்மின் கதைக்கு வந்தால், 2016இல் மிராய் என்ற பொட்நெட் செய்தது ஞாபகம் இருக்கா? ஃபக்டரியில் வைத்த சுமார் 60 யூசர்நேம்-பாஸ்வேர்ட் சோடிகளை வைத்துக்கொண்டு, இதே மாதிரி மலிவுக் கமராக்களையும் ரெக்கோர்டர்களையும் பிடித்துப் படை திரட்டியது. அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி டின் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், ஸ்பொட்டிஃபை எல்லாம் பலருக்கு வேலை செய்யவில்லை. சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது, ஆனால் வந்துவிட்டது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பாவனையாளர் சாமானில் எல்லாத்துக்கும் பொதுவான பாஸ்வேர்ட் இருக்கக் கூடாது. ஓட்டை கண்டுபிடித்தவர் யாருக்குச் சொல்வது என்று போட வேணும். எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள் என்றும் சொல்ல வேணும். தண்டப்பணத்தின் உச்சம் ஒரு கோடி பவுண், அல்லது உலக வருமானத்தின் 4 வீதம், எது கூடவோ அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஓகஸ்ட் 1 முதல் ரேடியோ நெறிமுறைக்குள்ளேயே சைபர் பாதுகாப்பு வந்துவிட்டது. அதற்கான ஈ.என். 18031 தரத்தை ஏற்கும்போது ஒரு கொக்கியும் போட்டார்கள்: பாவனையாளர் பாஸ்வேர்ட் போடாமலே பாவிக்க விட்டால், தானே பிரகடனம் செய்கிற வழி இல்லை, அங்கீகரிக்கப்பட்ட மூன்றாம் தரப்பிடம் போக வேணும்.

மச்சானுக்கு இதெல்லாம் சொன்னபோது அவன் சொன்னது: "இது எல்லாம் பெரிய கொம்பனிக்காரன் சின்ன ஆக்களை உள்ளே விடாமல் கட்டின மதில்." நான் இதைச் சிரித்துத் தள்ளமாட்டேன். எனக்கு அவனுக்காக வந்த சோதனைக்கூடக் கோட்டேஷன் 6,000 பவுணுக்கு மேல். 400 கமராவில் அதைப் பிரித்தால் கொள்விலையைவிடக் கூட. 4 லட்சம் கமரா விற்கிறவனுக்கு அது ஒரு கணக்கே இல்லை. பணம் உள்ளவனுக்கு இலகுவான விதி என்பது சரி. ஆனால் அலைவரிசை எல்லாருக்கும் பொதுவான கிணறு மாதிரி. சின்ன வாளி கொண்டு வருகிறவன் என்பதற்காக அழுக்கு வாளி கொண்டு வர விட முடியாது. தொட்டிலைப் பார்க்கிற கமராவின் பாஸ்வேர்டை உலகம் முழுக்கத் தெரியும் என்றால், அதை விற்றவர் சின்ன வியாபாரியா பெரிய வியாபாரியா என்று அந்தத் தாய்க்கு என்ன கவலை?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அமெரிக்காவில் வைஃபை உள்ள எந்தச் சாமானின் எஃப்.சி.சி. இலக்கத்தையும் தேடினால், சோதனை அறிக்கை கிடைக்கும், உள்ளே திறந்து எடுத்த படமும் பெரும்பாலும் கிடைக்கும். உங்கள் கையில் இருக்கும் ஃபோனுக்கே செய்து பாருங்கோ. போலி அறிக்கையை ஐந்து நிமிடத்தில் பிடிக்கலாம். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் தொழில்நுட்பக் கோப்பு தயாரிப்பாளரின் அலுமாரிக்குள். அதிகாரி கேட்டால் காட்டினால் போதும். பிரகடனம் ஒன்றுதான் வெளியே வரும். அதனால் ஒழுங்காகச் சோதித்த சின்ன வியாபாரியும், சப்ளையரிடம் "எல்லாக் குறியும் போடு" என்ற வியாபாரியும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கிறார்கள், செலவழிக்காதவனின் விலை குறைவாக. ரேடியோ அறிக்கையும் உட்படங்களும் இங்கேயும் பொதுவில் வர வேணும் என்பது என் கருத்து. வியாபார ரகசியம் போய்விடும் என்பார்கள். அமெரிக்காவில் இவ்வளவு காலம் போட்டும் யாரும் கடையை மூடவில்லை.

இன்னொன்று, எங்கட ஆட்களுக்கு என்றே. "லண்டனில் விற்காவிட்டால் பரிசில் சித்தப்பாவுக்கு அனுப்புகிறன், லா சப்பலில் போகும்" என்று மச்சான் அடுத்த ஐடியா போட்டான். பிரித்தானியா சீ.ஈ. குறியைக் காலவரையறை இல்லாமல் ஏற்கும் என்று 2023இல் சொல்லிவிட்டது. மறுபக்கம் அப்படி இல்லை, யூ.கே.சி.ஏ. ஐரோப்பாவில் செல்லாது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டன் முகவரி ஐரோப்பிய முகவரி இல்லை. ஒன்றியத்துக்கு உள்ளே பொறுப்பான ஆள் ஒருவர் இருக்க வேணும் என்று 2021 யூலை முதல் விதி. சித்தப்பா அந்தப் பெட்டிகளை எடுத்து விற்றால் சட்டப்படி அவர்தான் இறக்குமதியாளர். வைஃபை என்றால் என்னவென்று கேட்கிற மனுஷனை இதற்குள் இழுக்கலாமா? கனடா என்றால் அங்கே தனி இலக்கமும் கனடாவில் ஒரு பிரதிநிதியும் வேணும். கொழும்பு என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம். குடும்பம் ஏழு நாட்டில் இருக்கலாம், குறி ஒவ்வொரு நாட்டுக்கும் வேறதான்.

யாராவது இதற்குப் பிறகும் செய்யப் போறீர்கள் என்றால், செய்யுங்கோ, ஆனால் காசு கட்ட முதல் சப்ளையரிடம் முழு அறிக்கையைக் கேளுங்கோ, தங்க ஓரப் பக்கத்தை இல்லை. அதில் உள்ள படத்தை உங்களிடம் வந்த சாம்பிளைக் கழற்றி வைத்து ஒப்பிடுங்கோ. அறிக்கையில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு அறிக்கை இலக்கத்தோடு ஒரு மெயில் போட்டு, இது உங்களுடையதா என்று கேளுங்கோ. பல கூடங்கள் பதில் எழுதும். ஃபேர்ம்வெயரை யார் எத்தனை வருடம் திருத்துவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கோ. பதில் வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். ரேடியோ இல்லாத சாமான் விற்பது இதைவிட எவ்வளவோ சுகம் என்பதையும் யோசியுங்கோ.

மச்சானுக்கு நாங்கள் சேர்ந்து சப்ளையருக்கு எழுதினோம்: டெல்நெட்டை மூடி, ஒவ்வொரு கமராவுக்கும் தனிப் பாஸ்வேர்ட் வைத்துத் தா என்று. பதில் மரியாதையாக வந்தது. செய்யலாம், குறைந்தது 2,000 பீஸ் ஓர்டர் போட வேணும்.

340 பெட்டி கராஜில் இருக்கு. கார் றோட்டில் நிற்குது. ஆனால் நான் அவனிடம் திரும்பத் திரும்பக் கதைத்தது அந்த 340ஐப் பற்றி இல்லை, வெளியே போன 60ஐப் பற்றி. தயாரிப்பாளர் என்றால் பிழை தெரிந்தவுடன் திருப்பி எடுக்க வேண்டிய ஆளும் அவன்தான், 60 பேரின் காசும் திரும்பப் போக வேணும். இரண்டு கிழமை என் கோலை அவன் எடுக்கவில்லை. போன ஞாயிறு இரவு ஒரு மெயில் வந்தது, வாங்கினவர்களுக்கு அனுப்ப எழுதிய கடிதம். "கமராவை உடனே கழற்றிவிடுங்கள்" என்று தொடங்குது. இங்கிலிஷைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறான். கீழே தமிழில் ஒரு வரி: "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."